மூலிகைத் தோட்டத்தில் விளைந்த தமிழிசை: ஆபிரகாம் பண்டிதர்

தமிழிசை பயிலும் மாணவர்களுக்கு ஆபிரகாம் பண்டிதர் என்ற பெயர் புதிதன்று. கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை எழுதியவர். பழந்தமிழர் இசைக்குக் கணக்கும் இலக்கணமும் உண்டு என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர். ஆனால் இசை அவருடைய தொழில் அன்று. அவர் சித்த மருத்துவர். அந்த மருத்துவத்துக்கு ஆதாரமாக இருந்தது தஞ்சாவூருக்கு வெளியே அவர் உண்டாக்கிய மூலிகைத் தோட்டம்.

இசை ஆராய்ச்சிக்கும் மாநாடுகளுக்கும் அச்சுச் செலவுக்கும் அவர் யாரிடமும் கையேந்தவில்லை. அந்தப் பணமெல்லாம் இலையிலும் வேரிலும் பட்டையிலும் இருந்து வந்தது. இன்று இயற்கை முறையில் மூலிகை வளர்ப்பது பல நாடுகளில் நல்ல தொழிலாகவும் கல்லூரிப் பாடமாகவும் வளர்ந்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் நடந்த ஒரு தமிழரின் வாழ்க்கையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சிற்றூரில் பிறந்த பிள்ளை

தமிழ்நாட்டின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரை என்ற ஊர் உள்ளது. அங்கே 1859 ஆகஸ்ட் 2ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் ஆபிரகாம். அதே 1859ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. மலாயாவின் தலையெழுத்தை மாற்றிய ரப்பர்க் கன்றுகள் பின்னாளில் அந்தப் பூங்காவின் வழியாகத்தான் இங்கு வந்து சேர்ந்தன. கடலின் இரு கரைகளிலும் செடிகளைப் பற்றிய புதிய தேடல் தொடங்கிய காலம் அது.

ஆபிரகாமின் குடும்பம் வசதி படைத்ததன்று. அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வழியே திறந்திருந்த கதவு ஆசிரியர் பயிற்சிதான். அவர் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். அந்த ஊரில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். புகைப்படக் கலை, அச்சுத் தொழில், சோதிடம் என்று அவருடைய ஆர்வம் பல பக்கம் ஓடியது. எதைத் தொட்டாலும் அரைகுறையாக விடாமல் முழுமையாகக் கற்பது அவருடைய இயல்பு.

சுருளிமலையில் கிடைத்த குரு

அவரை மிகவும் ஈர்த்தது மருத்துவம். பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் படித்தார். ஆனால் ஏட்டில் இருக்கும் பெயரைக் கொண்டு மட்டும் ஒரு செடியை அறிந்துகொள்ள முடியாது. ஒரே மூலிகைக்குப் பல பெயர்கள் உண்டு. ஒரே பெயரில் பல செடிகளும் உண்டு. கரிசாலையை எடுத்துக்கொண்டால் வெள்ளைப் பூப் பூப்பது ஒன்று, மஞ்சள் பூப் பூப்பது மற்றொன்று. கீழாநெல்லியைப் போலவே தோற்றமளிக்கும் மேலாநெல்லியும் வயல் ஓரங்களில் முளைக்கிறது. தவறான செடியைப் பறித்தால் மருந்து பலிக்காது. சில வேளைகளில் தீங்கும் நேரும்.

ஆகவே செடியை நேரில் பார்த்து அறிவதற்காக அவர் மலைக்குச் சென்றார். கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சுருளிமலை, மூலிகைகளுக்கும் சித்தர்களுக்கும் பேர்போன இடம். அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்தக் குருவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தம் மருந்துகளுக்கும் தோட்டத்துக்கும் அவருடைய பெயரையே வைத்தார்.

ஆசிரியர் வேலையை விட்ட தம்பதி

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அவரும் கல்வி கற்றவர், ஆசிரியர். மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பொன்னம்மாள் தலைமையாசிரியராகவும் ஆபிரகாம் தமிழாசிரியராகவும் பணியாற்றினர். பெண் தலைமை தாங்கும் பள்ளியில் கணவர் ஆசிரியராக இருப்பது, அந்தக் காலத்துத் தஞ்சையில் எளிதில் காணக்கூடிய காட்சி அன்று.

பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் அவர் நோயாளிகளைப் பார்த்தார். தஞ்சாவூர், மருத்துவ மரபு உள்ள ஊர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். பல மருத்துவ முறைகளைச் சேர்ந்த வைத்தியர்கள் அங்கே மருந்து செய்து, பயனைக் குறித்து வைத்தார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் மருத்துவச் சுவடிகள் நிறைந்திருந்தன. அத்தகைய ஊரில் மருத்துவராகப் பெயர் எடுப்பது சுலபமன்று. பண்டிதர் அதைச் சாதித்தார். நோயாளிகள் பெருகவே, 1890இல் கணவன் மனைவி இருவரும் மாதச் சம்பளத்தைத் தந்த பள்ளி வேலையை விட்டுவிட்டு மருத்துவத்தையே முழு நேரப் பணியாக்கிக்கொண்டனர்.

நிலையான வேலையை விடுவது எவ்வளவு பெரிய முடிவு என்பது நமக்குத் தெரியும். அவர்களை நம்பிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவன்று. பல ஆண்டுகள் பகுதி நேரமாகச் செய்து பார்த்து, இது நிற்கும் என்று தெரிந்த பிறகே அவர்கள் அந்தப் படியைத் தாண்டினார்கள்.

பண்டிதர் தோட்டம்

மருந்துக்குக் கேட்பு பெருகியபோது மூலிகைக்கும் தேவை பெருகியது. மலையில் பறித்து வருபவரையும் நாட்டு மருந்துக் கடையையும் நம்பியே தொழில் நடத்தலாம். பலர் அப்படித்தான் நடத்தினார்கள். பண்டிதர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கினார். சுமார் நூறு ஏக்கரில் அமைந்த அந்தப் பண்ணைக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊர் மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர்.

அங்கே மருந்துச் செடிகளோடு பிற பயிர்களையும் வளர்த்து, வேளாண்மையில் புதிய முயற்சிகளைச் செய்து பார்த்தார். வேளாண்மைக் கண்காட்சிகளில் அவருடைய விளைச்சல் பரிசு பெற்றது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் லாலி இந்தத் தோட்டத்தை நேரில் வந்து பார்வையிட்டார். 1909இல் அரசு பண்டிதருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

ஏன் சொந்தத் தோட்டம்?

மூலிகை மருத்துவத்தின் பழைய சிக்கல் ஒன்று உண்டு. கடையில் காய்ந்த நிலையில் இருக்கும் வேர், உண்மையில் எந்தச் செடியின் வேர் என்பதை எப்படி உறுதி செய்வது? இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம் 1545இல் ஒரு மூலிகைத் தோட்டத்தை அமைத்தது. மருத்துவ மாணவர்கள் உண்மையான செடியையும் போலியையும் பிரித்தறியக் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கம் 1673இல் செல்சியில் ஒரு மருந்துத் தோட்டத்தை ஏற்படுத்தியது. இவ்விரண்டும் இன்றும் இருக்கின்றன. பெரிய பல்கலைக்கழகமும் சங்கமும் செய்த வேலையைத் தஞ்சையில் ஒரு தனி மனிதர் தம் சொந்தப் பணத்தில் செய்தார்.

தானே வளர்த்தால் செடியின் பெயரில் ஐயம் இல்லை. எப்போது பறிப்பது என்பதும் நம் கையில் இருக்கும். மணமுள்ள இலைச் செடிகள் பலவற்றைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுப்பார்கள். எண்ணெய்ச் சத்து அப்போது மிகுந்திருக்கும். மஞ்சள், இஞ்சி போன்ற கிழங்கு வகைகளை மேலே இலை வாடிய பிறகு தோண்டுவார்கள்; சத்து அதற்குள் கீழே இறங்கிச் சேர்ந்திருக்கும். பறித்த இலையைச் சுடுவெயிலில் போட்டால் மணம் பறந்துவிடும் என்பதால் நிழலில் காற்றாட உலர்த்துவார்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடித்துவிடும். மருந்தின் தரம் உரலில் தொடங்குவதில்லை. அது தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

காட்டுக்கும் இதனால் நன்மை உண்டு. சித்த மருத்துவத்தில் பயன்படும் கோஷ்டம் என்ற வேர் இமயமலைப் பகுதியில் அளவின்றித் தோண்டப்பட்டது. இன்று அது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதாவது மிகக் கடுமையான காவலில் உள்ளது. நம் நாட்டுக் காடுகளில் வளரும் அகில் மரமும் அதே ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காட்டில் இருப்பதையே எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் தீர்ந்துவிடும். பயிரிட்டால் தலைமுறைக்கும் கிடைக்கும்.

மண்ணுக்கு உணவு எது?

இயற்கை வேளாண்மை என்ற சொல்லே பண்டிதர் காலத்தில் புழக்கத்துக்கு வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உரத்துக்கான அமோனியா செய்யும் வழியை ஜெர்மனியின் பிரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்து காட்டினார். அதே ஆண்டில்தான் பண்டிதர் பட்டம் பெற்றார். அதற்கான முதல் தொழிற்சாலை 1913இல் ஓப்பாவில் இயங்கத் தொடங்கியது. டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறியப்பட்டது 1939இல். அக்காலக் காவிரிப் பாசன உழவர்களுக்குத் தெரிந்த உரம் மாட்டுச் சாணம், தழை உரம், ஏரி வண்டல், பிண்ணாக்கு ஆகியவைதான். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு மண்ணுக்கு ஊட்டம் சேர்ப்பார்கள்.

இந்தியாவின் இந்தப் பழைய அறிவை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயர். ஆல்பர்ட் ஹோவார்ட் 1905இல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். உழவர்களுக்குக் கற்பிக்க வந்தவர், அவர்களிடமிருந்தே கற்றார். பின்னர் இந்தோரில் செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கும் முறையை வகுத்தார். இந்தோர் முறை என்று பெயர் பெற்ற அது பல நாடுகளின் தோட்டங்களுக்குப் பரவியது. 1940இல் அவர் வெளியிட்ட நூல், மேற்கு நாடுகளில் இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு அடித்தளமாயிற்று. ஆக, தஞ்சையிலும் பீகாரிலும் உழவர்கள் பெயர் சூட்டாமல் செய்துவந்த ஒன்றுக்குத்தான் உலகம் பின்னர் பெயர் சூட்டியது.

மூலிகைக்கு இது இன்னும் முக்கியம். காய்கறியைக் கழுவிச் சமைக்கிறோம். மூலிகையையோ காய்ச்சி வடித்தும் சாறு பிழிந்தும் சுண்டவைத்தும் குடிக்கிறோம். இலையில் பூச்சிமருந்து தங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து உடலுக்குள் போகும். நோயாளியின் உடலுக்குள் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் மருந்துச் செடிகளை வளர்ப்பதற்கும் சேகரிப்பதற்கும் தனி வழிகாட்டி வெளியிட்டதன் காரணமும் இதுவே. அமெரிக்காவில் ஒரு நிலத்தின் விளைச்சலை இயற்கை விளைபொருள் என்று விற்க வேண்டுமானால், அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட இரசாயனம் எதுவும் அந்த மண்ணில் பட்டிருக்கக் கூடாது. மலேசியாவிலும் வேளாண்மைத் துறை மைஆர்கானிக் என்ற சான்றிதழை வழங்குகிறது. அன்று பண்டிதர் போன்றோர் தம் பெயரையே பிணையாக வைத்துத் தந்த உறுதியை இன்று சான்றிதழ் தருகிறது.

மலாயாவுக்கு வந்த மருந்து

பண்டிதரின் மருந்துகள் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. இலங்கை, மலாயா போன்ற நாடுகளிலும் பெயர் பெற்றன. இது வியப்பன்று. தஞ்சையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 1860களிலேயே இரயில் ஓடியது. நாகையிலிருந்து பினாங்குக்குக் கப்பல் வந்தது. 1901இல் கிள்ளானுக்கு அருகே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் திறக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் காஜாங் எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். 1890களின் நடுப்பகுதியில் இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நடப்பட்டது. இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் அதுவும் ஒன்று. காட்டை அழித்த தமிழ்த் தொழிலாளர்களை மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாட்டின. மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த லயங்களில், ஊரிலிருந்து வந்த மருந்துப் பொட்டலத்துக்கும் கொல்லையில் நட்ட துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் தனி மதிப்பு இருந்தது. நம் முன்னோர் கடல் கடந்தபோது மூலிகை அறிவையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

இங்கே வந்த பிறகு அந்த அறிவு மலாய் அண்டை வீட்டாரின் அறிவோடும் கலந்தது. நம் வல்லாரை அவர்களுக்குப் பெகாகா. நம் நிலவேம்பு அவர்களுக்கு ஹெம்பெடு பூமி. கீழாநெல்லியை டுக்கோங் அனாக் என்கிறார்கள். ஒரே செடியை இரண்டு மரபுகளும் தனித்தனியே அறிந்து வைத்திருந்தது சிந்திக்கத்தக்க செய்தி.

மூலிகைப் பணம் இசைக்குப் போனது

மருத்துவத்தில் வந்த செல்வத்தைப் பண்டிதர் நிலமாகவும் நகையாகவும் மட்டும் சேர்த்து வைத்திருக்கலாம். அவர் அதை இசை ஆராய்ச்சியில் செலவிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். இசை வல்லுநர்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களை அழைத்துச் சென்றார். பண்டிதர் தம் கொள்கையை விளக்க, அது பாடக்கூடியதே என்பதை அந்தப் பெண்கள் அவையின் முன் பாடிக் காட்டினார்கள்.

அந்தக் கொள்கை என்ன? ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. பண்டிதர் அதை அப்படியே ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, கணக்குப் போட்டு, 24 என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆய்வெல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் 1917இல் கருணாமிர்த சாகரமாக வெளிவந்தது. அதை அச்சிட்டதும் அவருடைய சொந்த அச்சகம்தான். அவருடைய முடிவை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் தமிழிசையின் தொன்மையைப் பற்றிப் பின்னர் எழுந்த எந்த ஆராய்ச்சியும் அவரைத் தவிர்த்துவிட்டுச் செல்ல முடியவில்லை.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலிகையை ஆராய்ந்த முறையும் இசையை ஆராய்ந்த முறையும் ஒன்றுதான். ஏட்டில் உள்ள பெயரோடு நிற்காமல் செடியை நட்டு வளர்த்தார். வழிவழி வந்த எண்ணோடு நிற்காமல் கணக்கிட்டுப் பாடிப் பார்த்தார். பழையதை மதித்தார், ஆனால் சோதிக்காமல் ஏற்கவில்லை. கருணாமிர்த சாகரம் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1919 ஆகஸ்ட் 31ஆம் நாள், தம் அறுபதாவது வயதில் அவர் காலமானார்.

நாம் செய்யக்கூடியது

காஜாங் மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டியும் அருகிலேயே இருக்கின்றன. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளது. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. வேளாண்மை, தாவரவியல், உணவு அறிவியல், மருந்தியல் என்று எதைப் படித்தாலும் மூலிகை அதில் ஒரு பாடமாக வரும். பாரம்பரிய மருத்துவத்துக்கென்று 2016இல் தனிச் சட்டமே இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சான்றும் தரமும் உள்ள மூலிகைக்கே இனி மதிப்பு. அதற்குப் படித்தவர்கள் தேவை.

நூறு ஏக்கர் இல்லாவிட்டால் என்ன? மாடி வீட்டு வராந்தாவில் ஐந்து தொட்டிகள் போதும். துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, எலுமிச்சைப்புல், கறிவேப்பிலை ஆகியவற்றை நடலாம். சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்கலாம். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு செடியின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், அறிவியல் பெயர், நட்ட நாள், பூத்த நாள், வந்த பூச்சி ஆகியவற்றை எழுதி வரலாம். பாட்டியிடம் கேட்டதையும் அதில் சேர்க்கலாம்; அதை நூலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். நோய்க்கு மருந்தாக எதையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். இயற்கையானது என்பதாலேயே ஒன்று எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளில்லை.

ஓராண்டு முடிவில் அந்தக் குறிப்பேடு உங்கள் சொந்த ஆராய்ச்சியாக இருக்கும். ஆபிரகாம் பண்டிதரும் எடுத்த எடுப்பிலேயே நூறு ஏக்கரில் தொடங்கவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தபோது, மணி அடித்த பிறகு கிடைத்த நேரத்தில்தான் அவர் தொடங்கினார்.